ஜூலையில் பிறந்த குழந்தை

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யில் சேர ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து. இந்தக் கணக்கில் ஜூலை 30 அன்று பிறந்த குழந்தை வகுப்பிலேயே இளையது. இரண்டு நாள் தள்ளி ஆகஸ்ட் 1-இல் பிறந்திருந்தால், அடுத்த வருட வகுப்பில் அதுவே மூத்தது. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு குழந்தைகளுக்குள் பதினொரு மாத இடைவெளி இருக்கலாம். முப்பது வயதில் அது ஒன்றுமில்லை. மூன்று வயதில், வாழ்ந்த நாளில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. இந்த வருடமே சேர்ப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா என்று ஜூன், ஜூலையில் பிள்ளை பெற்றவர்கள் தவிப்பது இதனால்தான்.

பிறப்புச் சான்று அரிதாக இருந்த காலத்தில் தலைமையாசிரியர் வேறொரு கணக்கு வைத்திருந்தார். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். எட்டினால் சேர்க்கை, எட்டாவிட்டால் அடுத்த வருடம். சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை; ஐந்தாறு வயதில்தான் விரல் காதுக்குப் போகும். துல்லியமான சோதனை அல்லதான். ஆனாலும் அது தேதியைப் பார்க்கவில்லை, எதிரில் நின்ற பிள்ளையைப் பார்த்தது.

ஐந்து வயது என்பதும் எல்லா இடத்துக்கும் பொதுவான விதி அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் மார்ச் 31-க்குள் ஆறு நிறைந்தவர்களையே சேர்க்கின்றன. அதை எதிர்த்த பெற்றோரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. ஆகவே ஒரு வருடம் பொறுத்துச் சேரும் தமிழ்நாட்டுக் குழந்தை பின்தங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. கேந்திரிய வித்யாலயா மாணவர்களைவிட அது மூத்ததும் அல்ல.

இளைய குழந்தைக்கு உண்டாகும் சிக்கலை 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. செப்டம்பர் 1-ஐ எல்லைத் தேதியாக வைத்திருந்த மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்குக் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு இருப்பதாக 34 விழுக்காடு அதிகமாக முத்திரை குத்தப்பட்டிருந்தது. ஒரு மாத இடைவெளியில் மூளை மாறிவிடாது. வயதுக்குரிய துறுதுறுப்பு, மூத்த பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டதால் நோயாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் பொறுத்துச் சேர்வதால் படிப்பில் கிடைக்கும் முந்துதல் தொடக்க வகுப்புகளில்தான் பெரிது, போகப்போகக் குறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்றாம் வகுப்பு அல்ல, எல்.கே.ஜி. அங்கே சேர்ந்துவிட்டால் பிறகு வண்டி தானாகவே ஓடும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டை நிரப்பச் சொல்லும் பள்ளிகள் ஏராளம். பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கும் மணிக்கட்டு எலும்புகள் பல வருடங்களில் ஒவ்வொன்றாகத்தான் இறுகுகின்றன. எழுத்து கோணலாக இருக்கிறது என்று அந்தக் கையை அடிப்பது கொடுமை. அப்படிப்பட்ட பள்ளிதான் அருகில் இருக்கிறது என்றால், ஜூலைக் குழந்தைக்கு ஒரு வருடம் பொறுப்பதே நல்லது. விளையாட்டும் கதையும் பாட்டுமாக நடத்தும் பள்ளி என்றால் பொறுக்க வேண்டியதில்லை.

ஏழைக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இலவச இடங்களில் எல்.கே.ஜி.க்குக் கீழ் வயதைப் போலவே மேல் வயதும் உண்டு. ஜூலையில் பிறந்த குழந்தையை ஒரு வருடம் நிறுத்தினால் அந்தக் கதவு மூடிவிடும். நிறுத்தும் வருடம் கைபேசித் திரைக்கு முன் கழிந்தாலும் பயனில்லை. அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகளின் துணை உண்டு, மதிய உணவும் முட்டையும் உண்டு.

குறைப்பிரசவக் குழந்தைக்குத் தனிக் கணக்கு. செப்டம்பரில் பிறக்க வேண்டியது ஜூலையிலேயே பிறந்துவிட்டால், தாயின் வயிற்றில் இருந்திருக்க வேண்டிய இரண்டு மாதம் அதை ஒரு வகுப்பு முன்னே தள்ளிவிடுகிறது. தள்ளிப்போடுவதற்கு இதைவிட நியாயமான காரணம் இல்லை.

தள்ளிப்போடவே கூடாதது வேறொன்று உண்டு. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், ‘அடுத்த வருடம் சரியாகிவிடும்’ என்று வீட்டில் வைத்திருப்பது குழந்தைக்கு இழப்பு. வயது போதாத குழந்தைக்குக் காலம் மருந்தாகலாம். காது கேளாத குழந்தைக்கு ஆகாது. அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் செவித்திறனையும் வளர்ச்சியையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். பள்ளிச் சேர்க்கையை முடிவு செய்யுமுன் அங்கே போய்வர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு வயது வரம்பு ஆறு.