யாரை நம்பிப் பெயர் கொடுப்பது?

புதிய நெல்லினம் ஒன்று வந்தால் மாங்குளத்து விவசாயி தனது வயல் முழுவதிலும் அதை விதைப்பதில்லை. முதற்போகத்தில் ஒரு துண்டு நிலத்தில் விதைத்துப் பார்ப்பார். பக்கத்து வரம்புக்காரரின் பயிரையும் போய்ப் பார்ப்பார். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பி.ஜி. இனங்களை இன்று நாம் சாதாரணமாக விதைக்கிறோம். (பி.ஜி. என்பதே அந்த ஊரின் பெயரைக் குறிப்பதுதான்.) அவற்றின் விளைச்சலில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் அடுத்த காலபோகத்துக்கு விதைநெல் ஆகிறது, இடம்பெயர்ந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய உறவினருக்கும் இரண்டு புசல் கொடுத்துதவலாம். கலப்பின விதை அப்படியல்ல. அதற்கு ஒவ்வொரு போகமும் கடைக்குத்தான் போகவேண்டும்.

கணினியோ கைத்தொலைபேசியோ என்ன செய்யவேண்டும் என்று எழுதி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுப்பையே மென்பொருள் என்கிறோம். அதிலும் இவ்விரு வகை உண்டு. ஒரு வகையை விலைக்கு வாங்கலாம், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. மற்றது எடுத்துவைக்கும் விதைநெல்லைப் போன்றது. அதைத் திறந்து பார்க்கலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், இன்னொருவருக்கும் கொடுக்கலாம். இந்த இரண்டாவது வகையில் உலகம் அறிந்த ஒன்று எமது நாட்டிலேயே, அதுவும் இடம்பெயர்ந்தோருக்காகவே எழுதப்பட்டது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு முதல் காலி வரை கரையோரத்தைத் துடைத்துச் சென்றது. நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், காணாமற் போனவர் யார், எங்கே அரிசி மிஞ்சுகிறது, எங்கே பாய் இல்லை என்ற விபரங்கள் கடதாசித் துண்டுகளில் சிதறிக் கிடந்தன. அந்த நாட்களில் இலங்கையின் கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகக் கூடி ஒரு மென்பொருளை எழுதினர். லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேஷன் அதனை முன்னெடுத்தது. 'சகன' என்று பெயரிட்டனர். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல் அது. காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்பன அதில் இருந்தன. அரசாங்கம் அனர்த்தப் பணிகளுக்கென அமைத்த தேசிய செயற்பாட்டு மையத்திலும் அது பயன்படுத்தப்பட்டது.

அந்த மையம் பின்னர் மூடப்பட்டது. மென்பொருள் அத்துடன் போய்விடவில்லை. 2005இல் பாகிஸ்தானில் பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது அங்கே எடுத்துப் பயன்படுத்தினர். 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சி, 2010இல் ஹெயிட்டி என்று அது பயணம் செய்தது. இலங்கையில் யாரோ எழுதியதை அந்நாட்டவர் ஏன் நம்பினர்? எழுதியவர் நல்லவரா என்று விசாரிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஆனால் உள்ளே எழுதியிருப்பதைத் தமது ஆட்களைக் கொண்டே திறந்து வாசிக்கவும், பொருந்தாததை மாற்றவும் முடிந்தது. அனுமதிப் பணமும் கேட்கப்படவில்லை.

இதனை விளங்கிக்கொள்ள எமது ஜாம் போத்தல் விளக்கை நினைத்துப் பாருங்கள். 1990இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில், போத்தலின் அடியில் பஞ்சை வைத்து அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய அந்தச் சின்ன விளக்கில்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்தனர். அதற்கு யாரும் விளம்பரம் செய்யவில்லை. அயல்வீட்டில் எரிவதைக் கண்டோம், எப்படிச் செய்தது என்று கேட்டோம், செய்தோம். சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் பரவியது.

பிற்காலத்து உதாரணமும் ஒன்றுண்டு. 2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கீட்டைப் பெறும் முறை வந்தது. நல்ல கைத்தொலைபேசி இல்லாதவரும் அந்தக் கட்டத்தைக் கடதாசியில் அச்சிட்டுக் கொண்டுபோனார். நாட்கணக்கில் வரிசையில் நின்ற சனம் அதை ஏற்றதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. காட்டியவுடன் எண்ணெய் கிடைத்தது.

பெயர் பதிதல் இவற்றைப்போல இலகுவான விடயமல்ல. வன்னியில் பட்டியல் என்ற சொல்லுக்கே ஒரு பாரமுண்டு. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பதியாவிட்டால் நிவாரணம் இல்லை. பதிந்தால் அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகுமோ என்ற பயம். இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்பவர்கள் எமது கிராமங்களுக்கு அடிக்கடி வருகிறார்கள். அவர்கள் சொல்வது சரியல்ல என்பது எமது எண்ணம். மென்பொருளின் கட்டளைகளை எவரும் பார்க்கலாம் என்பது நல்லது. அதில் பதியப்பட்ட பெயர்களை எவரும் பார்க்கலாம் என்றால் அது ஆபத்து. முன்னையது எழுதியவரின் நேர்மையைப் பொறுத்தது. பின்னையது பட்டியலை வைத்திருப்பவரின் நேர்மையைப் பொறுத்தது. எவ்வளவு திறமையான மென்பொருளும் பின்னையதற்கு உத்தரவாதம் தர முடியாது.

இன்று விபரம் சேர்க்க வருபவர் கையில் கொப்பிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியோ பலகைக் கணினியோ இருக்கக்கூடும். வீட்டுத்திட்டமாக இருக்கலாம், உர மானியமாக இருக்கலாம். அவரை மரியாதையாக இருத்தி, தேநீர் கொடுத்துக் கேளுங்கள்: எந்த அலுவலகத்துக்காக இதை எடுக்கிறீர்கள்? வேறு யாருக்கும் கொடுப்பீர்களா? பிழை இருந்தால் யாரிடம் வந்து திருத்தலாம்? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆகையால் இது இடக்கான கேள்வியல்ல. பதில் சொல்ல முடியாதவரிடம், கிராம அலுவலரோடு வரும்படி சொல்லலாம்.

பதிந்து முடிந்ததும் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காணி உறுதியில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்ட குடும்பங்கள் எம்மிடையே பல. கணவனை இழந்த பெண்கள் காணியைத் தமது பெயருக்கு மாற்றப் போகும்போதுதான் அந்த ஓர் எழுத்தின் விலை தெரிகிறது. கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, முதலெழுத்திலிருந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.