தக்காளி வேரிற் புகும் கள்வன்

கண்டி, குண்டசாலை, தெல்தெனியப் பகுதிகளில் நெல் அறுவடையான பின் வயலிலே தக்காளி, மிளகாய், கத்தரி பயிரிடும் கமக்காரர் பலர். நீரும் பசளையும் குறைவின்றியிருந்தும் சில செடிகள் நண்பகலில் வாடி, வளர்ச்சி குன்றி நிற்பதுண்டு. அத்தகைய செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தல் வேண்டும். வேரில் முடிச்சுக்கள் காணப்படின், அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலையாகும். மேலும் பசளையிடுவது வீண் செலவே.

முட்டையினின்று வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீற்றர் நீளமும் இல்லாதது. அது வேர் நுனியருகே உட்புகுகின்றது. பகைவன் புகுந்ததை உணர்ந்து எதிர்க்கும் ஆற்றல் செடிக்கும் உண்டு. ஆயினும், புழு தன் வாயூசி வழியே செலுத்தும் சுரப்புகள் அக்காவலை மழுங்கச் செய்கின்றன. புழுவின் தலையைச் சூழ்ந்த கலங்கள் பருத்து, அதற்கு உணவூட்டும் களஞ்சியங்களாகின்றன. பின்னர் பெண்புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகின்றது.

எதிர்ப்புத்திறனுள்ள தக்காளியில் இவ்வஞ்சனை எளிதிற் பலிப்பதில்லை. புழு தங்கிய இடத்துக் கலங்கள் விரைவில் மடிய, உணவின்றிப் புழுவும் மடிகின்றது. இப்பண்பு 1940களில் காட்டுத் தக்காளி இனமொன்றிலிருந்து பெறப்பட்டது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகை சதமளவைத் தாண்டின் இக்காவல் தளரும். ஆதலின் வைக்கோலால் மண்ணை மூடிக் குளிர்மையாக வைத்தல் நன்று.

செடியின் காவல் தோற்குமிடத்துக் கமக்காரரே காவலராதல் வேண்டும். முடிச்சுள்ள நாற்றை நடலாகாது. அறுவடை முடிந்ததும் நோயுற்ற வேர்களைத் தோண்டி எரித்தல் வேண்டும். தக்காளிக்குப் பின் அதே நிலத்திற் கத்தரியோ மிளகாயோ இடலாகாது. நீர் தேங்கும் நெற்பயிர் இடையில் வரின், தக்காளியைத் தாக்கும் புழுக்கள் குறையும். ஐயமுளதாயின், வேருடன் செடியை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.