ஒரு கையின் உழைப்பு, இரு கைகளின் பலம்

உழைத்த அவயவமே பலம் பெறும், ஓய்ந்திருந்த அவயவம் இருந்தபடியே இருக்கும் என்பது நம்மில் எவரும் ஐயுறாத நம்பிக்கை. இந்நம்பிக்கை முற்றிலும் மெய்யன்று என்பதை, அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பிரயோகசாலையை நடத்திவந்த எட்வர்ட் வீலர் ஸ்க்ரிப்ச்சர் என்பவர், 1894ஆம் ஆண்டிலேயே மிக எளிய சாதனம் ஒன்றைக்கொண்டு காட்டிவிட்டார். ரப்பர்க் குமிழ் ஒன்றைக் கையால் பிழிந்தால் அதனோடு இணைந்த குழாயில் பாதரசம் ஏறும். ஏறிய உயரமே பிடியின் பலத்துக்கு அளவு. எமிலி பிரௌன் என்னும் பெண்மணி இக்குமிழை வலக் கையால் மாத்திரம் நாள்தோறும் பிழிந்து பழகினார். பயிற்சி முடிந்தபின் பார்க்கையில், பழகிய வலக் கையின் பலம் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு உயர்ந்திருந்தது. குமிழைப் பிழிந்து பழகாத இடக் கையின் பலமோ 43 பங்கு உயர்ந்திருந்தது. அவருடன் சோதனைக்கு உட்பட்ட தியோடேட் ஸ்மித் என்பவர் சிறு துவாரத்தில் ஊசியை விளிம்பு தொடாமல் நுழைக்கும் வித்தையை வலக் கைக்குப் பயிற்றினார். அவருடைய இடக் கையும் நூற்றுக்கு 50 தடவை வென்ற நிலையிலிருந்து 76 தடவை வெல்லும் நிலைக்கு வந்தது.

ஒருவரை மட்டும் வைத்துச் செய்த பரீட்சையின் எண்களை அப்படியே பிரமாணமாகக் கொள்வது தகாது. பிற்காலத்தில் பலருடைய ஆராய்ச்சிகளையும் ஒன்றுதிரட்டிக் கணித்தவர்கள், பழகாத பக்கத்தின் லாபம் நூற்றுக்கு 8 பங்கு என்று 2004இலும், ஏறத்தாழ 12 பங்கு என்று 2017இலும் கண்டார்கள். பழகிய பக்கம் பெறுவதில் இது ஒரு பகுதியே. ஸ்க்ரிப்ச்சரின் கணக்கைவிட இது மிகவும் சிறிது. ஆயினும் ஒரு சிரமமும் படாத கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

பழகாத கையின் தசை பருத்திருக்குமோ என்று அளந்து பார்த்தார்கள். பருமனில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ரத்தத்தோடு கலந்து ஏதோ ஒரு திரவம் பலத்தைக் கொண்டுசென்றிருக்கலாம் என்று அனுமானித்தால், அத்திரவம் கால், முதுகு, கழுத்து என்று சரீரம் முழுவதற்கும் அல்லவா போயிருக்க வேண்டும்? உண்மையிலோ, வலப் பக்கத்தில் எந்தத் தசை உழைத்ததோ அதற்கு நேரான இடப் பக்கத் தசையே பெரும்பாலும் பயனடைகிறது. ஆகவே காரணத்தை நரம்பு மண்டலத்திலேதான் தேட வேண்டும். தேர் வடத்தைப் பற்றிய நூறு பேரும் ஒரே கணத்தில் இழுத்தால் எவ்வாறு தேர் நகர்கிறதோ, அவ்வாறே ஒரு தசையிலுள்ள நார்கள் மிகப் பலவும் மூளையின் ஆக்ஞைக்கு ஒருங்கே இணங்கும்போது, தசை வளராமலே பலம் மிகுகிறது.

வலக் கைக்கு ஆக்ஞை இடுவது பிரதானமாக மூளையின் இடப் பாதி. அங்கிருந்து இறங்கும் நரம்பு இழைகளில் பெரும்பான்மை முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டிச் செல்கின்றன. எனினும், ஒரு கை மிகுந்த பிரயாசையுடன் பாரத்தைப் பற்றும்போது இடப் பாதி மட்டும் அன்றி, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் வழியாக வலப் பாதியும் கிளர்ச்சி அடைகிறது என்பதை, கபாலத்தின்மேல் காந்தத் துடிப்பைச் செலுத்திச் செய்யும் சோதனைகள் புலப்படுத்துகின்றன. உழைக்காத கைக்கு அதிபதியான பாதியும் உடனிருந்தே பழகிக்கொள்கிறது என்பது ஒரு கொள்கை. கற்ற திறன் ஒரு பாதியிலேயே தங்கியிருக்க, இரு கைகளும் அதை எடுத்தாளுகின்றன என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டென்றே தோன்றுகிறது.

என் கருத்தில் இதன் முழு மதிப்பும் மல்யுத்தக்காரனுக்கு உரியது அன்று, நோயாளிக்கு உரியது. கனடாவின் சாஸ்கட்சுவான் சர்வகலாசாலையினர், மணிக்கட்டு முறிந்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் ஒரு சாராரை முறியாத கையால் பிடிப் பயிற்சி செய்வித்தார்கள். முறிவு நேர்ந்த 12ஆம் வாரத்தில் அவர்களுடைய முறிந்த கையின் பிடி சராசரி 17 கிலோ அளவும், பயிற்சி பெறாதவர்களுடையது 12 கிலோ அளவும் இருந்தன. 26ஆம் வாரத்திலோ இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் தன் கையால் குடத்தைத் தூக்க இயலாமல் பிறரை எதிர்பார்த்திருப்பவளுக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் அற்பமானவை அல்ல. கனடாவின் விக்டோரியா சர்வகலாசாலையில், பட்சவாதத்தால் நெடுநாள் அவதியுற்ற 19 பேருடைய அதிகம் பாதிக்கப்படாத காலின் கணுக்காலை மேல்நோக்கி மடக்கும் தசைக்கு 6 வாரம் பயிற்சி தந்தபோது, அக்காலின் பலம் நூற்றுக்கு 34 பங்கும், பயிற்சியே பெறாத, நோயுற்ற காலின் பலம் 31 பங்கும் உயர்ந்தன என்று 2013இல் வெளியிட்டார்கள். முழங்கால் தசைநாரைச் சீர்செய்துகொண்டவர்களிடமோ இந்த முறை சில ஆராய்ச்சிகளில் பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை.

இலேசான அசைவுகளால் இப்பயன் வாராது. சிரமப்பட்டுத் தூக்க வேண்டிய பாரம் வேண்டும், அதை மெல்ல மெல்லக் கீழே இறக்குவது விசேஷமாய் உதவும். ரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. மற்றபடி, கையையோ காலையோ கட்டிப் போட்டிருப்பவர்களும், பட்சவாத நோயாளியைப் பேணும் குடும்பத்தாரும், கட்டு அவிழ்க்கும் நாளுக்காகக் காத்திராமல், நல்ல பக்கத்துக்கு என்ன பயிற்சி தரலாம் என்று இயன்முறைச் சிகிச்சையாளரிடம் இப்பொழுதே கேட்பார்களாக.