கிளாப் அடித்த பிறகே ஆக்‌ஷன்

மாணவர் குறும்படப் படப்பிடிப்பில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் காட்டும் அக்கறையில் பாதிகூட கிளாப் போர்டுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் செட்டை ஒழுங்காக நடத்த அதைவிட மலிவான, நம்பகமான கருவி இல்லை. சிங்க் சவுண்ட் முறையில் படம் ஒரு கருவியிலும் ஒலி இன்னொன்றிலும் பதிவாகின்றன. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், மேல்கட்டை கீழ்க்கட்டையில் வந்து மோதும் பிரேம் ஒன்றுதான். ஒலியில் அந்தச் சத்தம் கூர்மையாக எழும் இடமும் ஒன்றுதான். எடிட்டர் இரண்டையும் பொருத்திவிட்டால் அந்த ஷாட் முழுவதும் வசனம் உதட்டசைவோடு சேர்ந்துவிடும்.

இந்தப் பலகை செட்டை ஆள்வது அடிப்பதற்கு முந்தைய சில வினாடிகளில். உதவி இயக்குநர் அமைதி கேட்கிறார். முதலில் ஒலிப்பதிவு ஓடுகிறது, பிறகு கேமரா, அதன்பின் காட்சி, ஷாட், டேக் எண்களை வாசித்து கிளாப்; கடைசியில்தான் இயக்குநரின் 'ஆக்‌ஷன்'. பிலிம் காலத்தில் 400 அடி 16 மி.மீ. சுருள் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; ஒலிநாடா மலிவு. அதனால்தான் கேமரா இரண்டாவதாக ஓடியது. பிலிம் போய்விட்டாலும் அந்த வரிசை இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு துறையும் தான் தயார் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் வகுப்புத் தோழர்களாக இருக்கும் செட்டில் யார் சொல்லி யார் கேட்பது என்ற தயக்கத்தை, யாரையும் அதட்டாமல் இது தீர்த்துவிடுகிறது. இதை நடத்துபவர் இயக்குநராக இருக்கக் கூடாது. அவரே அமைதி கேட்டு, நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் நடிப்பைக் கவனிப்பது யார்?

மென்பொருளே ஒலியைப் பொருத்திவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மூன்றாவது டேக்கை ஏன் ஒதுக்கினோம், எந்த டேக்கில் ஹாரன் சத்தம் விழுந்தது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. டேக் எண்ணோடு எழுதிவைத்த குறிப்புக்குத்தான் தெரியும். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை தமிழ் சினிமாவின் நீண்ட பழக்கத்திலிருந்து வந்தது. டப்பிங் பேசுபவரும் படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக்கைக் கேட்டுத்தானே பேச வேண்டும்? அதுவும் படத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். தேர்வு முடிந்து ஊர் திரும்பிய நண்பரை மறுபடி அழைத்துவருவதும் எளிதல்ல. குழந்தைகளும் புதியவர்களும் முகத்துக்கு முன்னால் கிளாப் அடித்தால் மிரண்டுவிடுவார்கள் என்பது நியாயமான கவலை. அதற்கும் வழி இருக்கிறது: நடிப்பு முடிந்தபின் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கலாம். அதுவரை கேமராவையும் ஒலிப்பதிவையும் நிறுத்தக் கூடாது என்று ஷாட்டுக்கு முன்பே அவற்றை இயக்குபவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.