உல்லாசப் பயணம்: பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குத் திண்டாட்டம்

சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சமாளிப்பது எப்படி?

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கும் நேரம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், புத்தகப் பையை மூலையில் வைக்குமுன்பே ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டுகிறான். 'விஹார யாத்ரா' என்று தெலுங்கில் அச்சடித்த நோட்டீஸ். வீட்டில் பெரியவர்களுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பையனே படித்துச் சொல்கிறான். பார்க்கப் போகும் ஊர்களின் பெயர்களை உரக்கப் படிக்கிறவன், கடைசி வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். கட்டவேண்டிய தொகை அங்கேதான் இருக்கிறது. கட்டுவதற்குக் கடைசி நாளும் அங்கேதான் இருக்கிறது.

சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் வீடுகளிலும், திருப்பதியில் ஓட்டல் வேலை, கட்டிட வேலை, கடைக் கணக்கு என்று பிழைப்பவர்களின் வீடுகளிலும் ஆண்டுதோறும் நடக்கும் காட்சி இது. மாங்கூழ் வேலைக்குக் கோடைதான் காலம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அந்த வீடுகளில் கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. பள்ளிக்கூடம் பயணம் வைப்பதோ சரியாக அந்த மாதங்களில்தான்.

பணம் கட்டமுடியாத பிள்ளைகளுக்குப் பயணத்தன்று காலையில் காய்ச்சல் வந்துவிடும். அது எந்தக் காய்ச்சல் என்பது ஆசிரியருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீடாக இருந்தால், "எனக்கு பஸ்ஸில் போனால் வாந்தி வரும், தம்பியே போகட்டும்" என்று அக்காக்காரி தானாகவே ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. தாயார் அதை நம்பியதுபோல் காட்டிக்கொள்கிறாள். மறுநாள் வகுப்பில் எல்லாரும் பார்த்ததைப் பற்றிப் பேசும்போதும், பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போதும் அந்தப் பெண் என்ன செய்வாள் என்பதை யாரும் கேட்பதில்லை.

பத்து நாள் கெடு

தொகை பெரிது என்பதைவிட, கெடு சிறிது என்பதே இங்கே உண்மையான தொல்லை. தலைக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளுக்கு 1,800 ரூபாய். கைச்செலவு, தின்பண்டம், அறுந்துபோன செருப்புக்கு மாற்றுச் செருப்பு ஆகியவை தனி. நோட்டீஸ் வந்த பத்து நாளில் இதைப் புரட்டவேண்டும் என்றால் கைமாற்று, அடகுக்கடை, கந்துவட்டி மூன்றில் ஒன்றுதான் வழி. நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 90 ரூபாய் வட்டிக்கே போகும். ஆறு மாதம் இழுத்தால் 540 ரூபாய். ஒரு நாள் பயணத்துக்கு அரையாண்டு வட்டி!

அதே 1,800 ரூபாயை, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே சொல்லியிருந்தால்? ஆறு மாதத்துக்கு மாதம் 300 ரூபாய். அதுவும் சுலபமல்லதான். ஆனால் டுவாக்ரா குழுவில் சேமிப்புக் கட்டிப் பழகிய பெண்களுக்கு மாதா மாதம் ஒதுக்குவது கைவந்த வேலை. தீபாவளிக்குப் பலகாரச் சீட்டு கட்டுகிறவர்கள் பயணத்துக்கும் ஒரு சின்னச் சீட்டு கட்டிவிடமாட்டார்களா என்ன?

எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 'சஞ்சாயிகா' ஞாபகம் இருக்கும். பிள்ளைகளே நாலணா, எட்டணா கொண்டுவந்து பள்ளிக்கூடத்திலேயே போட்டுவைத்த சிறுசேமிப்பு அது. இன்று அந்த வழக்கம் மறைந்துவிட்டது. வீட்டு உண்டியல்தான் மிச்சம். அதையும் சிலிண்டர் தீர்ந்த அன்று உடைத்துவிடுகிறார்கள்.

அம்மா கணக்கில் வரும் பணம்

ஆந்திராவில் பள்ளிப் பிள்ளைகளின் தாயாருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் கொடுக்கும் 'அம்ம ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9 அன்று இதே சித்தூரில்தான் தொடங்கப்பட்டது. அப்போது ஒரு தாய்க்கு ஒரு பிள்ளைக்கு மட்டுமே பணம். ஆட்சி மாறியபின் 2025 ஜூனில் வந்த 'தல்லிகி வந்தனம்' திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் என்று ஆயிற்று. 15,000 ரூபாயில் 2,000 ரூபாயைப் பள்ளிப் பராமரிப்புக்கு என்று பிடித்துக்கொண்டு, 13,000 ரூபாய் தாயார் கணக்கில் போடப்பட்டது.

அந்தப் பணம் வந்த வேகத்தில் பழைய கடனுக்கும் பீஸுக்கும் போய்விடுகிறது. அதில் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாயை மட்டும் தொடாமல் வைத்திருந்தால் டிசம்பர் நோட்டீஸைக் கண்டு நடுங்கவேண்டியதில்லை. சொல்வது சுலபம், வைத்திருப்பது கடினம் என்று வீட்டம்மாக்கள் சொல்லக்கூடும். அதற்குத்தான் தனிக் கணக்கு வேண்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளையின் பெயரில் தபால் ஆபீசில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். குறைந்த தொகை 500 ரூபாய். எடுக்க ஒரு நடை போகவேண்டும் என்பதே பாதிப் பாதுகாப்பு.

இந்தத் திட்டத்தில் நம்மவர்களில் ஒரு பகுதியினர் விடுபட்டுப்போகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆந்திர ரேஷன் கார்டு இருந்தால்தான் பணம். வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பல ஆண்டுகள் ஆகியும் கார்டை ஊரிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வரும் பரிசுத் தொகுப்பை நினைத்து விடாமல் வைத்திருக்கும் கார்டு, பிள்ளையின் பங்கான 13,000 ரூபாயைத் தடுத்துவிடுகிறது. எது லாபம் என்பதை அவரவரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸும் ரெயிலும்

பயணத் தொகையில் பெரும்பங்கை விழுங்குவது வண்டி வாடகைதான். சாதாரணமாகத் தனி பஸ் பேசுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு 'ஸ்த்ரீ சக்தி' திட்டத்தில் பல்லெவெலுகு, எக்ஸ்பிரஸ் போன்ற பஸ்களில் பெண்களும் சிறுமிகளும் டிக்கெட் பணமில்லாமல் போகலாம் என்று செய்திருக்கிறது. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழக்கமாக ஓடும் பஸ்ஸில் போனால் வகுப்பில் பாதிப் பேருக்கு, அதாவது பெண் பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும், பஸ் செலவே கிடையாது. "வாந்தி வரும்" என்று ஒதுங்கிய அக்காவும் போய்வரலாம். வாடகை பஸ்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை. மாநிலம் தாண்டும் பஸ்ஸுக்கும் இல்லை. திட்டம் தொடங்கியபோது திருமலை ஏறும் சப்தகிரி பஸ்களும் இதில் சேரவில்லை. இங்கேயும் விலாசம் குறுக்கே வருகிறது: காட்டும் அடையாள அட்டையில் ஆந்திர முகவரி வேண்டும். ஆதாரில் இன்னும் ஊர் முகவரியை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது.

நாற்பது பிள்ளைகளைக் கூட்ட பஸ்ஸில் ஏற்றி இறக்கித் தலை எண்ணுவது எளிதா என்று ஆசிரியர்கள் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் ரெயில் இருக்கிறது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் பாதையிலேயே சந்திரகிரி ஸ்டேஷன் உண்டு. பாசஞ்சர் வண்டிக் கட்டணம் பஸ்ஸைவிடக் குறைவு.

தூரத்து ஊர்களுக்குப் போகும் பள்ளிகள் பலவும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் முதியோர் உள்ளிட்ட பலருக்கான ரெயில் சலுகைகள் நிறுத்தப்பட்டபோது மாணவர் சலுகை நிறுத்தப்படவில்லை. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணம் தள்ளுபடி. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கு. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டாம் வகுப்பில், முக்கால் பங்கு. தலைமை ஆசிரியர் உரிய பாரத்தைப் பூர்த்திசெய்து முன்கூட்டியே ரெயில்வேயிடம் கொடுக்கவேண்டும். கடைசி நேரத்தில் கவுண்டரில் நின்று கேட்டால் நடக்காது. சலுகையை மெயில், எக்ஸ்பிரஸ் கட்டணத்தின்மேல்தான் கணக்கிடுவார்கள். ஆகவே பக்கத்து ஊருக்கு பாசஞ்சரில் போவதற்காக இந்தப் பாரத்தைத் தேடி அலையவேண்டாம். சென்னை, ஐதராபாத் என்று போகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

பக்கத்தில் இல்லாததா?

பெங்களூர் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குத்தான் போகவேண்டுமா என்று கேட்கும் துணிச்சல் பெற்றோருக்கு வரவேண்டும். அங்கே போய்வந்த பிள்ளை ஈரத் துணியைத் தவிர வேறொன்றும் கொண்டுவருவதில்லை. சந்திரகிரிக் கோட்டை விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. 1639-ல் சென்னைப்பட்டினத்து மணல்வெளி ஆங்கிலேயர் கைக்குப் போன காலத்தில் இந்த நாட்டை ஆண்டவர்கள் அவர்கள்தான். ராஜமகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. திருப்பதியில் 1993-ல் திறந்த வட்டார அறிவியல் மையமும், 1987-ல் ஏற்பட்ட வெங்கடேசுவரா உயிரியல் பூங்காவும் இருக்கின்றன. ஏர்ப்பேடு பக்கத்துக் குடிமல்லம் கோயில் லிங்கத்தைக் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். சித்தூர்ப் பிள்ளைகளுக்குக் காணிப்பாக்கம் கூப்பிடு தூரம்.

சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நோட்டீசில் போடுவதை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொடுக்காத தமிழ் வீடு ஏது? திருமலைக்குப் போகிறவர்களுக்கு 1985-ல் தொடங்கிய அன்னதானம் இருக்கிறது. அலிபிரி வழியாக 3,550 படி ஏறி நடந்துபோவதற்குக் காசில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை தாக்கிக் கொன்றதற்குப் பிறகு, சிறுவர்கள் பிற்பகலில் ஏறத் தேவஸ்தானம் தடை விதித்தது. நடக்க நினைக்கிறவர்கள் அன்றைய விதி என்ன என்று விசாரித்துக்கொண்டு காலையிலேயே ஏறவேண்டும்.

இவற்றையெல்லாம் யாரிடம், எப்போது சொல்வது? ஆந்திர அரசு 2024 டிசம்பர் 7 அன்றும், 2025 ஜூலை 10 அன்றும் 'மெகா' பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடத்தியது. ஜூலைக் கூட்டம்தான் நமக்குத் தோது. நம்மவர்கள் தெலுங்கு சரளமாக வராதென்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். "இந்த வருஷம் பயணம் எங்கே, எப்போது, எவ்வளவு?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்க அந்த அளவுத் தெலுங்கு வேண்டியதில்லை, சந்தையில் பேசும் தெலுங்கே போதும். நாலு பேர் சேர்ந்து கேட்டால், தவணையாகக் கட்டவும் வழி பிறக்கும். சந்திரகிரி என்று முடிவானால் வெள்ளிக்கிழமையில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வரலாம். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.