பாதி முகம் இருளில்

விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டியைக் கைப்பேசியில் படம் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி சன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நேரில் பார்த்தபோது முகம் முழுவதும் நன்றாகத் தெரிந்தது. படத்திலோ சன்னல் பக்கக் கன்னம் பளிச்சென்று இருக்கிறது. மறு கன்னம் கரி பூசியதுபோல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது காமிராவுக்கு ஏன் தெரியவில்லை? அந்த நிழலைக் கணினியால் நீக்க முடியுமா?

நம் கண் முகம் முழுவதையும் ஒரே பார்வையில் அளப்பதில்லை. பார்வை இங்குமங்கும் தாவுகிறது. ஒளி மிகுந்த இடத்திற்கும் குறைந்த இடத்திற்கும் ஏற்ப விழித்திரை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மூளையும் வேற்றுமையைக் குறைத்துக் காட்டுகிறது. காமிராவுக்கு இந்த வசதி இல்லை. இன்றைய கைப்பேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து இணைத்து, குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆயினும் பக்கவாட்டு வெளிச்சம் கடுமையானால் நிழல் படிந்தே தீரும்.

படம் என்பது எண்களே

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணை. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு புகைப்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் செலுத்தினர். அது கிர்ஷின் கைக்குழந்தையின் முகம். அதில் 176 வரிசைகள், வரிசைக்கு 176 புள்ளிகள். ஆக 30,976 புள்ளிகள். இன்று கைப்பேசிப் படத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவு, பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள எண்களாகப் பதிவாகிறது. 0 என்றால் இருள். 255 என்றால் முழு ஒளி.

பாட்டியின் ஒளிபட்ட கன்னத்தில் ஓர் எண் 200 என்றும், இருண்ட கன்னத்தில் 50 என்றும் கொள்வோம். எல்லாவற்றோடும் 100ஐக் கூட்டினால் என்ன ஆகும்? இருண்ட கன்னம் 150 ஆகிவிடும், நல்லதுதான். ஆனால் 200 என்பது 300 ஆக வேண்டும். அதற்கு இடமேது? 255இல் முட்டி நின்றுவிடும். அந்தக் கன்னத்தின் சுருக்கங்கள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகும்.

எனவே இருண்ட இடத்தை மட்டும் உயர்த்த வேண்டும். எது நிழல், எது இயல்பாகவே கறுத்த புருவம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் ஓர் அழகிய உத்தி உதவுகிறது. மென்பொருள் முதலில் படத்தின் மங்கலான நகல் ஒன்றைத் தனக்குள் செய்துகொள்கிறது. அதில் இமை, புருவம், சுருக்கம் எல்லாம் கரைந்துபோகும். எந்தப் பகுதி வெளிச்சம், எந்தப் பகுதி இருள் என்ற பெரும்பிரிவு மட்டும் எஞ்சும். இந்த நகலை வரைபடமாகக் கொண்டு, இருண்ட பகுதியின் எண்களைப் பெருக்குகிறது. அங்கே கன்னம் 50, சுருக்கம் 40 எனில், இரண்டால் பெருக்கியதும் 100, 80 ஆகும். நிழல் குறைந்தது, சுருக்கம் மறையவில்லை. 'கிம்ப்' போன்ற இலவச மென்பொருள்களிலும் இதற்கான கருவி உண்டு.

கூந்தல் போன்ற பெரிய கரும்பரப்பு நிழலென்று தவறாகக் கொள்ளப்படலாம். அப்போது கன்னத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓரம் மென்மையான தூரிகையால் நாமே ஒளியூட்டலாம். அந்நாளில் இருட்டறைக் கலைஞர்கள், கம்பியில் செருகிய அட்டைத் துண்டை அசைத்து, அச்சுத்தாளில் விழும் ஒளியைச் சற்று மறைத்து இதே வேலையைச் செய்தார்கள்.

எல்லை உண்டு

0ஐ எதனால் பெருக்கினாலும் 0தான். பதிவாகாத கன்னத்தை எந்தப் பெருக்கலாலும் மீட்க முடியாது. ஓரளவு பதிவான இருளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. ஓரிடத்தில் சராசரியாக 10,000 துகள் விழுந்தால், ஏற்றத்தாழ்வு சுமார் 100. அதாவது 1 சதவீதம். 100 துகளே விழுந்தால் ஏற்றத்தாழ்வு சுமார் 10. அதாவது 10 சதவீதம். பெருக்கும்போது இந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே பெருகும். நிழலை மிகவும் உயர்த்தினால் கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான்.

சரி, எங்கே நிறுத்துவது? ஒளிபட்ட கன்னமே அளவுகோல். இருண்ட கன்னம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். மூக்கின் எடுப்பையும் கண்களின் ஆழத்தையும் காட்டுவது நிழல்தானே? அதை அடியோடு அழித்தால் முகம் தட்டையாகிவிடும். அளவுகோலைத் தாண்டி உயர்த்தினாலோ, அது நிழலைத் திருத்துவதாகாது; பாட்டியின் நிறத்தையே மாற்றுவதாகும். மாநிறம் மாநிறமாகவே இருந்தால்தான் அது பாட்டியின் படம்.

இன்னும் எளிய வழி ஒன்றும் உண்டு. பாட்டியைச் சன்னல் பக்கம் சற்றே திரும்பி உட்காரச் சொல்லுங்கள். மறுபக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள். வேட்டியில் பட்டுத் திரும்பும் ஒளி இருண்ட கன்னத்தை நிரப்பும். வேட்டியுடன் ஒரு படமும், இல்லாமல் ஒரு படமும் எடுத்து, மென்பொருளில் இரு கன்னங்களின் எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணினி பெருக்கித் தருவது பதிவான ஒளியைத்தான். வேட்டி தருவதோ புதிய ஒளி!