'விடாது கருப்பு' தந்த துணிச்சலும் செய்த தீங்கும்

இரவு பன்னிரண்டை நெருங்கும் நேரம். ஷிப்டு முடிந்து கல்யாண் லோக்கலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு வாலிபர் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தார். குர்லா தாண்டியதும் குதிரைக் குளம்பொலி கேட்டது. படத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன தம்பி, விடாது கருப்பா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை; ஜாகை திவாவில்; சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "ஆமா அண்ணாச்சி. எங்க ஊர்ல சுடலைமாடன், இதுல கருப்பு. கடைசியில அது சாமியா, மனுசனா? சொல்லிப்போடாதீங்க!" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. முடிவு தெரிய விரும்பாதவர்கள் தொடரைப் பார்த்து முடித்துவிட்டு இதைப் படிக்கலாம்.

சின்னத்திரைக்கு வந்த கருப்பு

'மர்மதேசம்' என்ற பொதுத் தலைப்பில் பல கதைகள் வந்தன. முதலில் வந்தது 'ரகசியம்'. அதற்கு அடுத்தது 'விடாது கருப்பு'. 1990-களின் பிற்பாதியில் சன் டி.வி.யில் வாரம் ஒருமுறை வந்தது. எழுதியவர் மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் காலமானார். இயக்கியவர் நாகா. தயாரித்தது, ஏ.ஜி. ஆபீஸில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட கே. பாலசந்தரின் நிறுவனம். அவரும் 2014-ல் மறைந்துவிட்டார். தொடர் மட்டும் யூட்யூப் வழியாக இன்றும் லோக்கல் ரயிலில் நம்மோடு வருகிறது.

கதை இதுதான். ஒரு கிராமம். தப்பு செய்கிறவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிப்பார் என்பது ஊர் நம்பிக்கை. அதுபோலவே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது சாமியா, சாமி பெயரில் யாரோ ஒரு ஆசாமியா? கடைசியில் தெரிகிறது: ராஜேந்திரன் என்ற இளைஞனின் மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. சிறு வயதில் மனத்தில் விழுந்த காயம் அவனுக்குள் ஒரு கருப்பாக வளர்ந்துவிட்டது. தான் செய்தது அவனுக்கே தெரியாது. அந்த வேடத்தில் சேத்தன் நடித்தார்.

தொடரின் பலம்

முதல் பலம், ஊர். அய்யனார் கோயில் மண்குதிரையும் கருப்பு முன்னால் சத்தியம் செய்யும் பயமும் நமக்குத் தெரிந்தவை. அதை நாகா செட்டுப் போட்டுக் காட்டவில்லை; கண்மாய்க்கரைக் காற்றோடு காட்டினார்.

இரண்டாவது, கதை சொன்ன விதம். ராஜேந்திரனின் சிறு பிராயமும் இப்போது நடப்பதும் மாறி மாறி வரும். முன்னதில் விழுந்த முடிச்சு பின்னதில்தான் அவிழும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. சாமி கும்பிடுகிறவனை இத்தொடர் ஏளனம் செய்யவில்லை. அதே சமயம், "சாமி செய்தது" என்று ஒருவன் சொன்னால், "எப்படி? யார் கையால்?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. 'ரகசியம்' கதையிலும் இதே முறைதான். பைரவர் கோயில், நவபாஷாண லிங்கம் என்று பக்தியில் தொடங்கும். போகப் போக மனிதனின் ஆசையும் சூழ்ச்சியும் வெளியே வரும்.

பலவீனம்

குறை இல்லாமல் இல்லை. ஓர் அறையைக் கடக்க அரை பாகம் எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்குச் சேர்ந்தாற்போல் பார்க்கிறவர்களுக்கு இழுவை நன்றாகவே தெரியும். பயமுறுத்தும் இசை சில இடங்களில் வசனத்தை அமுக்கிவிடும்.

இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாத குறை ஒன்று உண்டு. அது தொடரின் பலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். தொடர் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். கேபிள் இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடும். முடிந்ததும் தனியாக வீட்டுக்குப் போகப் பயந்து என் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

தொடர் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் அந்தச் சித்தப்பாவுக்கே உடம்பு கெட்டது. ராத்திரி தூங்க மாட்டார். யாரும் இல்லாத இடத்தில் பேசுவார். யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து நடப்பார். கருப்பு பிடித்திருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. குறி கேட்டார்கள், கிடாய் வெட்டினார்கள். பிறகு ஒரு கோயில் வாசலில் கட்டிப் போட்டு வைத்தார்கள்.

பதினைந்தாம் நாள் சித்தி எதிர்த்து நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "அந்த நாடகத்துல பாத்தமுல்ல? சாமின்னு நெனச்சோம், கடைசியில மனசு நோயின்னு தெரிஞ்சுது. இவுகளுக்கும் அப்படி இருந்தா? நான் டாக்டர்கிட்டக் கூட்டிப் போறேன்" என்றார். மாமனார் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது 'விடாது கருப்பு'தான். மதுரைக்குக் கூட்டிப் போனார். சில மாதம் மாத்திரை சாப்பிட்டதும் சித்தப்பா தேறினார். மறுபடி டீக்கடையைத் திறந்தார்.

அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. தெருப் பிள்ளைகள் அவருக்கு 'ராஜேந்திரன்' என்று பட்டம் வைத்தார்கள். அவர் வந்தால் "கருப்பு வருது" என்று ஓடினார்கள். பெரியவர்கள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அவர் கைக்கு எட்டாமல் அரிவாளை எடுத்து வைத்தார்கள். அதுவரை ஊரில் இளநீர் வெட்டக் கூப்பிடுவதே அவரைத்தான். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

சாமி என்ற பயத்திலிருந்து அவரை மீட்ட கதையே, கொலைகாரன் என்ற பயத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டது.

கதை வேறு, நோய் வேறு

ஒரே ஆளுக்குள் வேறு வேறு ஆட்கள் இருப்பதுபோல் நடக்கும் நோய் மிக அபூர்வம். என் சித்தப்பாவுக்கு வந்தது அதுவல்ல. மனநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களிடம் அடிபடுகிறவர்களாகவே இருக்கிறார்கள். ஆனால் மர்மக் கதைக்கு ஒரு கொலையாளி வேண்டும். சாமியை விடுவித்தால் பழியைப் போட வேறொருவன் வேண்டும். நோயாளி அகப்பட்டான். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்திலும் இதே கதைதான். சினிமாவில் இது இப்போது வழக்கமாகிவிட்டது.

இது வெறும் கதைக் குறை என்று விட்டுவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதி தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தியைச் சித்திக்கு நான்தான் பத்திரிகையில் வாசித்துக் காட்டினேன். அன்று முழுக்க அவர் சோறு தின்னவில்லை. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்கிறது. கட்டுகிற கைக்குப் பின்னால் இருப்பது பக்தி மட்டும் அல்ல; "இவன் யாரையாவது வெட்டிவிடுவான்" என்ற பயமும்தான். அந்தப் பயத்துக்குக் கதைகளும் தீனி போடுகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

மும்பையில் இருக்கும் நமக்கு ஊரிலிருந்து ஒரு நாள் போன் வரும். "தம்பிக்குக் காத்துக் கருப்பு பிடிச்சிருக்கு, கிடா வெட்டணும், பணம் அனுப்பு" என்பார்கள். பணம் அனுப்புகிறவன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. அந்த மதிப்பை அப்போது பயன்படுத்துங்கள்.

கொடையில் சாமியாடுகிறவர் உடுக்கை நின்றதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவார். அது நோயல்ல. உடுக்கை நின்ற பிறகும் நாள் கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல் ஒருவர் தவித்தால் டாக்டரிடம் போக வேண்டும். கிடாய் வெட்டுவது உங்கள் விருப்பம். மாத்திரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அரசாங்கத்தின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

அந்தத் திவா தம்பி இதற்குள் கடைசிப் பாகத்தைப் பார்த்திருப்பார். தொடரை நானும் இன்னொரு முறை பார்ப்பேன், நல்ல தொடர்தான். பார்த்து முடித்தபின் ராஜேந்திரனைத் திரையிலேயே விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கடை வாசலில் இளநீர்க் குலை கிடந்தது. பரணிலிருந்து அரிவாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, "சித்தப்பா, ஒண்ணு வெட்டிக் கொடுங்க" என்றேன். அவர் முதலில் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பழைய மாதிரியே மூன்று வெட்டில் கண் திறந்து நீட்டினார்.